விரல்நுனி வரை

2019 ஜூன் 10, திங்கள்

லீமாவுக்கு இன்று புது மருந்து தொடங்கினார்கள். ஐந்தே நிமிடம். நர்ஸ் ஊசியைச் செருகி, மருந்தைச் செலுத்தி, பஞ்சை வைத்து ஒட்டிவிட்டார். இதற்கு முன் போட்ட இரண்டு மருந்துகளும் அரை நாள் சொட்டியவை. அதனால் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் லீமா கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

உடம்பில் தெரிகிற மாற்றங்களை அன்றன்றைக்கு எழுதி வைக்கும்படி டாக்டர் நசீமா சொன்னார். லீமா எழுதினால் அவரால் படிக்க முடியாது. மூன்று வயதில் அம்மை வந்து கண் போன என் தங்கைக்கு எழுத்து என்றால் பிரெயில் புள்ளிகள்தான். ஆகவே நான் எழுதுகிறேன்.

புற்று மார்பில் தொடங்கி இப்போது கல்லீரலுக்கு வந்திருக்கிறது. டாக்டர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று மாத்திரை. மற்றொன்று இந்த ஊசி, எரிபுலின். பெயரைக் கேட்ட பிறகு நான் யோசிக்கவேயில்லை. டாக்டர் லீமாவைத்தான் கேட்டார். "அக்கா சொல்லுததுதான்" என்றாள் அவள்.

எரிபுலினை நான் எத்தனையோ வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்துவருகிறேன். ஜப்பான் கடலோரத்துக் கடற்பஞ்சு ஒன்றில் முதலில் ஒரு பெரிய மூலக்கூறைக் கண்டெடுத்தார்கள். அறுநூறு கிலோ பஞ்சைப் பிழிந்தால் சில மில்லிகிராம் கிடைக்கும். கடலை நம்பி மருந்து செய்ய முடியாது. எங்களைப் போன்ற கரிம வேதியியல்காரர்கள்தான் அதைக் குடுவையில் கட்டினார்கள், பிறகு அதில் பாதி போதும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதிக்கே அறுபதுக்கு மேல் படிகள். எங்கள் தொழில் இதைவிட உயரமாக ஒன்றைக் கட்டி மருந்துக்கடைக்கு அனுப்பியதில்லை என்று மாணவர்களிடம் சொல்வேன். அது இன்று என் தங்கையின் கையில் ஏறியது.

விரல்கள் மரத்துப்போகலாம், தெரிந்தவுடன் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். முதலில் போட்ட மருந்திலும் கொஞ்சம் மரத்தது, சில மாதங்களில் சரியானது. பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 12, புதன்

லீமாவுக்குக் காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. திருவான்மியூர் முழுக்கக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆய்வகத்திலும் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை. குளிர்விக்க ஓடும் தண்ணீர் இல்லாமல் நாங்கள் எந்தக் கரைப்பானைக் காய்ச்சுவது? முத்தரசி ஒரு பெரிய வாளியில் ஐஸைப் போட்டு, மீன்தொட்டி மோட்டாரை இறக்கி, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருக்கிறாள். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வந்த ஆறாவது மாணவி அவள். மோட்டாரைத் தன் வீட்டு மீன்தொட்டியிலிருந்தே எடுத்து வந்தாளாம். மீன்களின் கதியை நான் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

இரண்டாவது ஊசி. இனி ஒரு வாரம் ஓய்வு, பிறகு மறுபடி இரண்டு ஊசி. இப்படியே போகும்.

விரல் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது லீமா அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். முடி கொட்டிவிட்டதால் தலையில் என் பழைய பருத்தித் துண்டு. நான் வேலையில் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டாள்.

சொன்னேன். ஒரு மென்பவளத்தில் இருக்கும் பொருளைச் செயற்கையாகச் செய்ய ஆறு வருடமாக முயல்கிறோம். இருபத்து நான்கு படிகள் முடிந்துவிட்டன. அடுத்தது, நீண்ட சங்கிலி ஒன்றின் இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று பிடிப்பதற்குப் பதில் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துவிட்டால் எல்லாம் பிசினாகிவிடும். எதற்கு உதவும் என்று கேட்பவர்களிடம் பூஞ்சையைக் கொல்லும் என்பேன். லீமாவிடம் மட்டும், செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் என்று உண்மையைச் சொன்னேன்.

"நீ செய்யுதது கண்ணுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. வெள்ளையாப் பொடி மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"பெறகு அதுதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

பெரிய காந்தத்துக்குள் வைத்து ஒவ்வொரு அணுவையும் தட்டிப் பார்ப்போம், அது பதிலுக்கு அதிரும், அந்த அதிர்வை வைத்து எந்த அணுவுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று ஊகிப்போம் என்றேன்.

"அப்ப நீயும் தடவிப் பாக்கவதான்" என்றாள். பிறகு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். மீன் குழம்பை இன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

லீமா என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். எனக்கு ஆச்சரியம். தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே யாராவது வாசித்துக் காட்டினால் அவளுக்குப் பிடிக்காது. எனக்கு விரல் இருக்கிறது என்பாள். பிரெயில் அச்சகத்தில் இருபத்தைந்து வருடம் மெய்ப்புப் பார்க்கிறவள். ஒரு புள்ளி அழுந்தாமல் இருந்தால்கூட விரல் நின்றுவிடும். இப்போது அச்சகத்திலிருந்து தாள்கள் வீட்டுக்கே வருகின்றன. பகலில் அதைப் பார்த்துக் களைத்துப்போய், மாலையில் படுத்துக்கொண்டு கேட்க ஆசைப்படுகிறாள் போல.

செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நல்லாயிருக்கு, தினமும் படி என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

சூடான டம்ளரை எடுத்து, பிடித்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். விரல்கள் சிவந்து கொப்புளம் வந்துவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை என்றாள். களிம்பு போட்டேன்.

ஜூலை 22, திங்கள்

டாக்டர் நசீமா லீமாவின் கையைத் திருப்பிப் பார்த்து இது என்ன என்றார். காபி கொட்டிவிட்டது என்றாள் லீமா. சட்டை பொத்தான் போட முடிகிறதா, சில்லறைக் காசு தட்டுப்படுகிறதா என்று டாக்டர் கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் முடியுது டாக்டர், முடியுது டாக்டர் என்றாள். நானும் தலையாட்டினேன். அவளுக்கு நைட்டியில் பொத்தான் கிடையாது என்பது இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்கேன் முடிவு வந்தது. கல்லீரலில் இருந்தவை சுருங்கியிருக்கின்றன. பெரியது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். நான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆட்டோவில் வரும்போது லீமாவிடம் பேசிக்கொண்டே வந்தேன். அந்த மூலக்கூறில் இடது வலது மாறினால் வேறாகிவிடும் இடங்கள் பத்தொன்பது, ஒவ்வொன்றையும் சரியாகத் திருப்பி வைக்க எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்று. ஆட்டோக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். லீமா என் தோளில் சாய்ந்துகொண்டு, "உன் மருந்து ஜெயிச்சிட்டுதா?" என்றாள்.

"ஜெயிச்சிட்டுது" என்றேன்.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு எண் உண்டு. பெரிய பரிசோதனையில் இந்த மருந்து சராசரியாகக் கொடுத்த கூடுதல் ஆயுள் இரண்டரை மாதம். அது சராசரி. லீமா சராசரி இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஊசி. கீழே உட்கார்ந்து லீமாவுக்குச் செருப்பு மாட்டிவிட வேண்டியிருக்கிறது. கால் நழுவுகிறது என்கிறாள். புதுச் செருப்பு வாங்கினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அச்சகத்திலிருந்து சகாயமேரி வந்தாள். லீமாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை உண்டு. போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன மாதம் லீமா பார்த்து அனுப்பிய எட்டாம் வகுப்புப் பாடநூலில் பிழைகள் அப்படியே இருந்தனவாம். ஒரு பக்கம் முழுக்க வரி மாறி அடித்திருந்ததைக்கூட அவள் விட்டுவிட்டாளாம்.

களைப்பு என்றேன். இந்த மருந்தில் வெள்ளை அணு குறையும், களைப்பு வரும், கவனம் சிதறும். கொஞ்ச நாள் தாள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினாள். எனக்கு ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஜெபமாலை சொல்லும்போது மணிகளை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். அவளுக்கு எண்ணிக்கை விட்டுவிடுகிறதாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வளையம் மூடவில்லை. பிசின்.

ஆகஸ்ட் 28, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத மனமில்லை. இருந்த சங்கிலியில் பாதி போய்விட்டது. அதைச் செய்ய முத்தரசிக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. குடுவையைக் கழுவி, சூடான பெட்டியில் உலர வைத்துவிட்டு வந்து, இன்னும் நீர்க்கப் போடலாம் மேடம் என்றாள். அதாவது ஒரு சங்கிலி அடுத்த சங்கிலியைச் சந்திக்கவே முடியாத அளவு கரைப்பானைக் கூட்டுவது. சொட்டுச் சொட்டாக ஒரு நாள் முழுக்கச் சேர்ப்பது. சரி என்றேன். மிச்சமிருப்பது அறுபது மில்லிகிராம். இது போனால் அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று ஊசி. நான் போகவில்லை. காலையில் வினையைத் தொடங்கிவிட்டோம். சொட்டும் வேகத்தை நான்தான் பார்க்க வேண்டும். சகாயமேரி லீமாவைக் கூட்டிப்போனாள். போ போ, நான் பாத்துக்கிடுதேன் என்று லீமாதான் என்னை அனுப்பி வைத்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

மூடிவிட்டது.

கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் புதிதாக ஒரே ஒரு புள்ளி. சிலிக்கா நிரப்பிய குழாயில் பிரித்து எடுத்தோம். ஒன்பது மில்லிகிராம். அந்தப் பெரிய காந்தம் இருக்கும் என்.எம்.ஆர். அறையில் கோடுகள் திரையில் ஒவ்வொன்றாக எழும்பியபோது முத்தரசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலியின் முனையில் இருந்த சமிக்ஞைகள் இல்லை. வளையத்துக்கு உரியவை வந்திருந்தன. இப்போது அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். இன்னும் நான்கு படி இருக்கிறது என்று சொன்னேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

இதை எழுத வேண்டும்.

பிளாஸ்டிக் உருண்டைகளும் குச்சிகளும் கொண்ட மாதிரிப் பெட்டி ஒன்று எங்களிடம் உண்டு. மூலக்கூறை அதில் கட்டிப் பார்ப்போம். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்திலேயே எதைக் கட்டினாலும் லீமாவிடம் கொண்டுவந்து கொடுப்பேன். அவள் விரலால் தடவி, இந்தப் பக்கம் ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கான், இங்கே முதுகு வளைஞ்சிருக்கு என்பாள். அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குவதை நான் கவனிக்காத இடங்களில் அவள் விரல் சொன்னதுண்டு.

இன்று எங்கள் வளையத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கூடத்தில் அவள் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"பெரிசா இருக்கே. அழகா இருக்குக்கா. முழுசா மூடியிருக்கு."

அப்போதுதான் பார்த்தேன். வரும் வழியில் வளையத்தின் ஓரிடத்தில் ஒரு உருண்டை கழன்று, குச்சி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அவள் விரல் அதன்மேலேயே போனது. ஒரு முறை அல்ல. கண்டுபிடிப்பாள் என்று பேசாமல் காத்திருந்தேன். குச்சியின் முனை சதையை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. அவள் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையில் கிடந்த உருண்டையைத் தேடி எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே வைத்தேன். இது எங்கே போகணும் சொல்லு என்றேன். அவள் விரல்களை மடக்கினாள். உருண்டை நழுவித் தரையில் விழுந்து ஓடியது. விழுந்த பிறகும் அவள் கை அதைப் பிடித்திருப்பது போலவே மடங்கி இருந்தது. சத்தம் கேட்டதும்தான் முகம் மாறியது.

நான் எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஜூலையிலிருந்து என்றாள். முதலில் பஞ்சு சுற்றின மாதிரி இருந்ததாம். பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவாம். இப்போது தாளா துணியா என்றுகூடத் தெரியவில்லையாம்.

செய்தித்தாள் வாசித்துக் காட்டச் சொன்னது ஜூலையில்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்த நாள். பூசைக்குப் போகவில்லை. சோறு மட்டும் வடித்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று ஊசி நாள். லீமா டாக்டரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நசீமா கோபப்படவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. இத்தனை முற்றியிருக்கும்போது ஊசியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் தேறினால் அளவைக் குறைத்து மீண்டும் போடலாம், நன்றாக வேலை செய்கிற மருந்து, கையில் இருப்பவற்றில் இதற்குச் சமம் வேறில்லை என்றார். விரல் திரும்புமா என்று லீமா கேட்டாள். சிலருக்குத் திரும்பும், மாதங்கள் ஆகும், சிலருக்குத் திரும்புவதில்லை என்றார்.

மீண்டும் போட வேண்டாம் என்றாள் லீமா.

மருத்துவமனைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வாதாடினேன். சுருங்கியிருக்கிறது என்றேன். ஸ்கேனை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மருந்து வேலை செய்யுதுக்கா. நான் இல்லைன்னு சொல்லல. எனக்குத்தான் வேலை செய்ய முடியல."

"உயிரோட இருந்தாத்தானே வேலை?"

"காலையில எந்திரிச்சு என்ன செய்யட்டும், சொல்லு. கண்ணு இல்லாம அம்பது வருசம் இருந்தாச்சு. அது எனக்குப் பெரிசாத் தெரியல. இப்பத்தான் குருடாயிட்டேன்."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

"நீ அந்த மருந்தைப் பத்திப் பேசும்போது உன் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? அம்மா போன பெறகு உனக்கு அப்படி ஒரு குரல் வந்ததே இல்லக்கா. அதுக்காகத்தான் போட்டுக்கிட்டேன்."

ஆட்டோ கூப்பிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேர்வுத்தாளில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எரிபுலின் செல்லில் எதைத் தாக்குகிறது? செல்லுக்குள் நுண்குழல்கள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது அவை வேண்டும். மருந்து அவை வளரவிடாமல் தடுக்கிறது. பிரிய முடியாமல் புற்றுச்செல் சாகிறது. பத்து மதிப்பெண்.

நரம்புக்கும் அதே குழல்கள்தான். முதுகெலும்பிலிருந்து விரல்நுனி வரை ஒரே இழையாக ஓடும் நரம்புக்குள் சத்தெல்லாம் அந்தக் குழல்கள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். குழல் கெட்டால் எந்த முனை மிகத் தொலைவில் இருக்கிறதோ அது முதலில் பட்டினி கிடக்கும். கால்விரல். கைவிரல். இது எனக்குத் தெரியாததில்லை. ஜூன் பத்தாம் தேதியும் தெரியும்.

அக்டோபர் 6, ஞாயிறு

மருந்து நின்றதும் களைப்புப் போய்விட்டது. லீமா நன்றாகச் சாப்பிடுகிறாள். மாலையில் கடற்கரை வரை நடந்தோம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தாள். தரை எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை என்றாள். சுண்டல் வாங்கினோம். ஒவ்வொன்றாக எடுக்க முடியாமல் கையை ஏந்தினாள், நான் கொட்டினேன்.

அவள் பேசினாள், நான் கேட்டேன். கான்வென்ட் விடுதியில் விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் வைத்துப் படிக்க முடிந்தது தன்னால் மட்டும்தானாம். மற்ற பிள்ளைகள் சுற்றிப் படுத்துக்கொண்டு, வாசி வாசி என்று கெஞ்சுவார்களாம். கதை முக்கியமான இடத்துக்கு வரும்போது வேண்டுமென்றே நிறுத்தி, நாளைக்கு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொண்டு வந்தால்தான் மிச்சம் என்பாளாம். இந்தக் கதையை இத்தனை வருடம் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆய்வகத்துக்கு அரை நாள்தான் போகிறேன். இருபத்தேழாவது படி முடிந்தது என்று முத்தரசி செய்தி அனுப்பினாள். நான் அப்போது கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 11, திங்கள்

லீமாவின் கண் வெள்ளை மஞ்சளாகியிருக்கிறது. காலையில் ஜன்னல் பக்கம் திரும்பியபோது பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. மாலையில் அவளே, மஞ்சளா இருக்கனாக்கா என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலையிலிருந்து நீ என் முகத்துக்கு நேராப் பேசவே இல்லையே என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

டாக்டர் நசீமா இனி வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார். குறைந்த அளவில் எரிபுலின் என்று நான் தொடங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லீரல் இருக்கும் நிலையில் அது இனி முடியாது என்றார். முடியாது என்று கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சகாயமேரி தன் ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அச்சகத்தில் இவர்கள் இருவரும் சேர்ந்து மெய்ப்புப் பார்த்தது. லீமா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தா கேளு. கொஞ்சம் தெரியுது."

ஆள்காட்டி விரலை வைத்து வாசித்தாள். தடங்கலே இல்லாமல். நோயாளிகளுக்கான மன்றாட்டு அது, முழுப் பக்கம். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். விரல் ஒரே வரியில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. குரல் வரிக்கு வரி இறங்கிப் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது, விரல் மேலேயே இருந்தது. விரித்திருந்ததும் அந்தப் பக்கம் இல்லை. புத்தகத்தின் முதல் தாள், தலைப்பு மட்டும் அச்சிட்டது.

"தெரியுதாட்டி?" என்றேன்.

"தெரியுதுக்கா. கொஞ்சம் கொஞ்சமா வருது. நீ கவலைப்படாத."

"இன்னொரு பக்கம் வாசி" என்றேன்.

வாசித்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. லீமா பெரும்பாலும் தூக்கம். விழித்தபோது, உன் வளையம் என்ன ஆச்சு என்றாள். இன்னும் ஒரு படி என்றேன். முடிஞ்சதும் கொண்டா என்றாள்.

நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டேன். நகத்திலிருந்து அடி வரைக்கும். எந்த இடத்தில் தொடங்கி அவளுக்குத் தெரிகிறது என்று கேட்டேன். மணிக்கட்டுக்கு மேலே வந்ததும், இங்கதான் இருக்கியா என்றாள்.

டிசம்பர் 11, புதன்

லீமா காலையில் போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம். அச்சகத்திலிருந்து எல்லோரும் வரிசையாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குழியின் விளிம்பு எங்கே என்று சகாயமேரி ஒவ்வொருவருக்கும் சொன்னாள். மண் அள்ளிப் போட்டார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

இருபத்தொன்பதாவது படி முடிந்தது. இரண்டு மில்லிகிராம். பவளத்தில் கிடைத்ததோடு எல்லாக் கோடுகளும் பொருந்துகின்றன. முத்தரசி கண்ணாடிச் சிமிழை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். கேக் வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தாள், கேட்கவில்லை. நானே ஆள் அனுப்பி வாங்கினேன். ஆறு வருடம் உழைத்தவள், அவளுக்கு ஒரு கேக் உண்டு. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

2020 பிப்ரவரி 3, திங்கள்

புது ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருடாவருடம் நான் எடுக்கும் வகுப்பு. இந்த வருடம் வேறு யாரையாவது போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன்.

கடற்பஞ்சிலிருந்து தொடங்கினேன். மூலக்கூறை வரைந்தேன். கை தானாகவே போடுகிறது. எந்த இணைப்பை எங்கே வெட்டி யோசித்தார்கள், துண்டுகளை எப்படிச் சேர்த்தார்கள் என்று சொல்லி முடித்தேன். வழக்கமாக அந்த இடத்தில்தான், நம் தொழிலின் உச்சம் இது என்பேன், கைதட்டுவார்கள். இந்த முறை அதைச் சொல்லவில்லை. நரம்பின் படத்தை வரைந்தேன். கழுத்திலிருந்து விரல்நுனி வரை ஒரு நீண்ட கோடு. அதற்குள் குழல்கள். மருந்து அங்கேயும் போகும் என்றேன். எந்தச் செல் எது என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, நரம்பைத் தொடாமல் புற்றை மட்டும் கொல்கிற மாதிரி இதையே மாற்றிக் கட்ட முடியாதா மேடம் என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். முயன்றுகொண்டிருக்கிறார்கள், நீயும் முயலலாம் என்றேன். இந்த மருந்து பொய் இல்லை, பலருக்குப் பல மாதங்களைக் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னேன். அந்த மாதங்களில் அவர்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும், அது நம் பாடத்திட்டத்தில் இல்லை என்றேன். மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு நடந்து வந்தேன். லீமா இருந்த நாட்களில் நான் வரும்வரை வீடு இருட்டாகத்தான் கிடக்கும், அவளுக்கு விளக்குத் தேவையில்லை. பூட்டைத் திறந்து இருட்டுக்குள் கால் வைத்ததும், வந்துட்டியாக்கா என்று குரல் வரும். அதற்குப் பிறகுதான் நான் சுவிட்சைத் தேடுவேன்.

இன்று தெருமுனையிலிருந்தே எங்கள் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. காலையில் அணைக்க மறந்து போயிருக்கிறேன்.